பூஜ்யத்துக்குக் கீழே

பிப்ரவரி 3, செவ்வாய்

மருத்துவக் கல்லூரியில் எத்திக்ஸ் கமிட்டிக் கூட்டம். என் வீட்டுக்காரர் இறந்தது கார்த்திகையில். அதற்குப் பிறகு நான் போன முதல் கூட்டம் இதுதான். லிஃப்டில் வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு நிம்மதியாகப் போயிற்று. "நெஜமாவே நீங்க தைரியசாலிங்க மேடம்" என்றார் டாக்டர் அர்த்தநாரி. நான் நன்றி சொன்னேன்.

இந்தக் கமிட்டியில் நான் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். நோயாளிகளுக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கும் எந்த ஆய்வுக்கும் ஒரு கமிட்டி சம்மதம் தர வேண்டும். அதில் டாக்டர்களோடு ஒரு வக்கீல், பொதுமக்களில் ஒருவர், தத்துவமோ சமூகவியலோ படித்த ஒருவர் என்று இருக்க வேண்டும். ஈரோட்டில் தத்துவம் படித்தவரைத் தேடினால் நான்தான் அகப்படுவேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை ஒரே கல்லூரியில் தத்துவம் சொல்லிக் கொடுத்தேன். நான் ஓய்வு பெற்றதும் துறையையே மூடிவிட்டார்கள். கடைசி வகுப்பில் இருந்த பிள்ளைகள் பி.காமுக்கு மாறிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

"சாம்பார்ல பெருங்காயம் மாதிரிங்க மேடம் நீங்க. கண்ணுக்குத் தெரியறதில்ல. ஆனா இல்லாட்டி பர்மிஷன் கெடைக்காது" என்பார் அர்த்தநாரி. நல்ல மனிதர். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடுகிறவர்.

இன்றைக்குப் பேசியது அவருடைய ஆய்வைப் பற்றித்தான். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குக் காலில் வரும் எரிச்சலுக்கு ஒரு புது மாத்திரை. போன ஆடியிலிருந்து நடக்கிறது. நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய நோட்டு. தினமும் படுக்கப் போகும் முன் அன்றைய வலிக்கு ஒரு எண் எழுத வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. நிறையப் பேர் பூஜ்யத்துக்கு வந்துவிட்டார்களாம். அர்த்தநாரியின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். நோட்டில் இருக்கும் தமிழ் நோயாளிகளுக்குப் புரிகிறதா என்று உடன் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

வரும்போது எனக்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பிறரை எழுதச் சொல்வதை நாமும் எழுதிப் பார்ப்பதுதான் முறை.

வலி: 0

பிப்ரவரி 4, புதன்

கேஸ் புக் செய்தேன். ஓ.டி.பி. அவருடைய போனுக்குத்தான் வரும். அதற்காக அதைத் தினமும் சார்ஜில் போட வேண்டியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு அதில் அலாரம் அடிக்கிறது. அவர் வாக்கிங் போக எழுந்திருக்கும் நேரம். எழுந்து போய் அணைக்கிறேன். அதை ஒரேயடியாக நிறுத்த எங்கே அழுத்த வேண்டும் என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.

வலி: 0

பிப்ரவரி 9, திங்கள்

நோயாளிகளோடு உட்கார்ந்தேன். கேள்விகள் ஓரளவு புரிகின்றன. "கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தங்களுடைய வலியின் தீவிரம்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை "நேத்துல இருந்து இன்னிவரைக்கும் எவ்வளவு வலிச்சுது" என்று நர்ஸ் வாயால் மாற்றித்தான் கேட்கிறாள். அச்சிலும் அப்படியே மாற்றச் சொல்ல வேண்டும்.

மாரப்பன் என்று ஒருவர். கருக்கம்பாளையத்துக்காரர். லாரி ஓட்டி வடநாடெல்லாம் சுற்றியவர். மனைவி பழனாத்தாளோடு வந்திருந்தார். அவர்தான் இந்த ஆய்வின் செல்லப்பிள்ளை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அர்த்தநாரி அவரைத்தான் கூப்பிட்டுக் காட்டுகிறாராம்.

"ஏனுங்க டீச்சர், வலின்னா என்னன்னு என்னையக் கேளுங்க" என்று ஆரம்பித்தார். "பொழுது உழுந்தாப் போதுமுங்க. ரெண்டு பாதத்துலயும் மொளகாப்பொடிய அரைச்சு அப்புன மாதிரி எரியும். போத்திக்கற துப்பட்டி பட்டாக்கூட ஆகாதுங்க. எந்திரிச்சுப் போயி தொட்டித் தண்ணிக்குள்ள காலை உட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"நானும் கூட உக்காந்திருப்பனுங்க" என்றாள் பழனாத்தாள். "தூங்கி எத்தன வருசமாச்சு."

"இப்ப?" என்றேன்.

"பூஜ்யமுங்க!" நோட்டைத் திறந்து காட்டினார். வரிசையாகக் கோழிமுட்டை அளவுக்குப் பூஜ்யங்கள். "கால் நல்லானா குண்டம் எறங்கறேன்னு ஆத்தாளுக்கு வேண்டியிருந்தனுங்க. இந்தப் பங்குனிக்கு நெருப்புல எறங்கி நடக்கறேன். நீங்க கட்டாயம் வரோணும்."

பழனாத்தாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஊட்டுல அய்யாவுக்கும் சுகருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"பாத்துக்குங்க" என்றாள்.

வலி: 0

பிப்ரவரி 10, செவ்வாய்

பால்காரர் இன்றும் இரண்டு பாக்கெட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சொல்ல மறந்துவிடுகிறேன். ஒன்றைத் தயிருக்கு வைத்தேன். ஃப்ரிட்ஜில் தயிர் நிறைய இருக்கிறது.

வலி: 0

பிப்ரவரி 15, ஞாயிறு

அவருடைய தங்கை காந்திமதி கோபியிலிருந்து வந்தாள். சட்டை வேட்டிகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அவளே போன் செய்து சொல்லியிருந்தாள். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு சட்டையாக முகத்தில் வைத்து அழுதாள். நான் மடித்துப் பையில் வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

"ஏனுங் நங்கையா, உங்களுக்கு அழுகையே வரலீங்களா?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"வரல" என்றேன்.

"அண்ணன் குடுத்து வெச்சவன். ஒரு வலியில்ல, ஒரு வேதனையில்ல. நடந்து போனவன் அப்படியே பெஞ்சுல உக்காந்தான், போயிட்டான். யாருக்குக் கெடைக்கும்?" என்றாள். எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். சாவுக்கு வந்தவர்கள், டாக்டர்கள், வ.உ.சி. பூங்காவில் அவரோடு நடப்பவர்கள், எல்லோரும்.

காப்பி கொடுக்கும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இதென்னங் நங்கையா?" மணிக்கட்டுக்குக் கீழே ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம். உடைந்து, காய்ந்து, ஓரம் கறுத்திருந்தது. எப்போது சுட்டுக்கொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. குக்கர் விளிம்பாக இருக்கலாம். அவளே மருந்து தடவிவிட்டாள். கண் கலங்கியதும் அவளுக்குத்தான்.

போன பின் நோட்டை எடுத்து வழக்கம்போல எழுதினேன்.

வலி: 0

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று எழுதியதையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜ்யம் என்று எழுதியது பொய் இல்லை. வலிக்கவில்லை. ஆனால் கை வெந்திருக்கிறது.

வகுப்பில் முதல் நாள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். பக்கத்து வகுப்பறையில் சத்தமே இல்லை. பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்களா, அல்லது உள்ளே யாருமே இல்லையா? இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வீர்கள்? போய்க் கதவைத் திறந்து பார்ப்போம் என்பார்கள். அதுதான் சரியான பதில். சத்தத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அந்தக் கேள்விக்கு விடை வராது.

மாரப்பனுடைய முட்டைப் பூஜ்யங்கள் ஞாபகம் வந்தன. வெள்ளிக்கிழமை அவர் வருகிற நாள்.

வலி: 0

பிப்ரவரி 20, வெள்ளி

மாரப்பன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். வார்டு முழுக்கச் சிரிப்பு.

"பஸ்ஸுல ஏறும்போது ரெண்டும் இருந்துச்சுங்க" என்றார். "எங்க கழண்டுச்சுன்னே தெரியலீங்க. படியெறங்கி, ரோட்டத் தாண்டி, கேட்டுக்கிட்ட வந்தப்பறம் இவதான் சொல்றா."

"குண்டத்துக்கு இப்பயிருந்தே பழகறாராட்டம்" என்று பழனாத்தாளும் சிரித்தாள். பங்குனி வெயில் மாசியிலேயே அடிக்கிறது. அந்தத் தார் ரோட்டில் நான் செருப்போடு நடந்தே வேகமாகத்தான் வந்தேன். அவர் வெறுங்காலில் சாவகாசமாக வந்திருக்கிறார்.

நர்ஸிடம் கேட்டேன். தொட்டால் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை ஆய்வில் சேரும் நாளில் ஒரு முறை, எல்லாம் முடிந்த பின் ஒரு முறை. நடுவில் கிடையாது. நடுவில் எண் மட்டும்தான்.

அவளிடம் வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் என் செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் அவருடையது இருக்கிறது. தூசி தட்டி வைத்தேன்.

வலி: 0

பிப்ரவரி 27, வெள்ளி

கூட்டத்தில் பேசினேன். நான் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

"டாக்டர், வலி போறதுக்கு ரெண்டு வழி இருக்குங்க. புண் ஆறி வலி போகலாம். வலியைச் சொல்ற நரம்பு செத்தும் வலி போகலாம். ரெண்டுக்கும் நம்ம நோட்டுல ஒரே எண்தான் இருக்கு."

அர்த்தநாரி பேனாவை மூடினார். "மேடம், நரம்பு கொஞ்சம் கொஞ்சமா போறது இந்த வியாதியோட குணம். அது எங்களுக்குத் தெரியாததில்லீங்க."

"தெரியும். ஆனா ஜெயிச்சதா கணக்கு வைக்கறப்ப அதையும் சேர்த்துத்தான வைக்கறீங்க?"

"நாங்க அளக்கறது வலிய மட்டும்தாங்க. மாத்திரை வலிக்குத்தான்."

"நீங்க கேக்கறது வலி போச்சான்னு. அவங்க பதில் சொல்றது கால் நல்லாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு. ஒருத்தர் குண்டம் எறங்கப் போறார்."

வக்கீல் சிரித்தார். நான் பக்கத்து வகுப்பறைக் கதையைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் வேண்டும், "தொட்டாலும் தெரியவில்லை" என்று, மாதம் ஒரு முறையாவது நர்ஸ் தொட்டுப் பார்த்து அதை நிரப்ப வேண்டும் என்றேன். நடுவில் நோட்டை மாற்றினால் இதுவரை சேர்த்த எண்கள் எல்லாம் வீணாகிவிடும் என்றார் அர்த்தநாரி. அவர் சொன்னதும் தப்பில்லை. இத்தனை மாத உழைப்பு. ஏப்ரலில் பார்க்கலாம் என்று முடித்தார்கள்.

வெளியே வரும்போது பின்னாலேயே வந்தார். "கோவமாங்க மேடம்?"

"இல்லீங்க" என்றேன். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வலி: 0

மார்ச் 2, திங்கள்

தயிரைக் கொட்டினேன்.

வலி: 0

மார்ச் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். அலாரத்தை நிறுத்தும் விதத்தை எதிர்வீட்டுப் பெண் சொல்லிக் கொடுத்தாள். சுலபம்தான். நிறுத்தவில்லை.

வலி: 0

மார்ச் 23, திங்கள்

மாரப்பன் போன் செய்தார். பின்னால் பறை சத்தம். கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது, அவருக்குக் கையில் விரதக் கங்கணமும் கட்டிவிட்டார்கள். இனி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். அதனால் இந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். அடுத்த வாரம் செவ்வாய் விடிகாலையில் குண்டம்.

"எல்லாரும் துண்டக்காணம் துணியக்காணம்னு ஓடுவாங்க டீச்சர். நான் ஓட மாட்டனுங்க. நிதானமா நடந்து வருவேன் பாருங்க. இப்பத்தான் கால்ல ஒண்ணுமே இல்லியே" என்றார்.

போனை வைத்த பிறகு வெகு நேரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். எதற்காக உள்ளே வந்தேன் என்பது ஞாபகம் வரவில்லை.

வலி: 0

மார்ச் 24, செவ்வாய்

காலையிலேயே அர்த்தநாரியின் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"குண்டத்துல காலை வெச்சு எடுக்கறது கண்ணு மூடித் தொறக்கற நேரம்தாங்க மேடம். ஓடிருவாங்க. பெருசா ஒண்ணும் ஆகாது" என்றார்.

"சுட்டா ஓடுவாங்க டாக்டர். சுடலைன்னா எதுக்கு ஓடணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் சொன்னார், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்று. யாரிடமும் சொல்லாமல் பூஜ்யம் எழுதியவர்களில் நாலைந்து பேரின் காலைத் தொட்டுப் பார்த்தாராம்.

"என்னங்க ஆச்சு?"

"ரெண்டு பேருக்கு நெஜமாவே நல்லாயிருக்கு. மத்தவங்க..." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீங்க சொன்ன கிளாஸ் ரூம்தாங்க. உள்ள யாருமில்ல" என்றார்.

மாரப்பனைத் தொட்டுப் பார்க்கவில்லையாம். தொட மனசு வரவில்லையாம்.

போனில் சொல்லலாமா என்று யோசித்தோம். கங்கணம் கட்டியவரிடம் போனில் சொல்லி நடக்கிற காரியமில்லை. புதனிலிருந்து ஞாயிறுவரை அர்த்தநாரிக்குச் சென்னையில் வேலை. திங்கள் மத்தியானம் நானே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், நீங்களும் வர வேண்டும் என்றார்.

வலி: 0

மார்ச் 30, திங்கள்

கருக்கம்பாளையம் போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போகும்போது காரில் அர்த்தநாரி, சுகர்காரர்களுக்குக் காலில் நடப்பதுதான் உள்ளேயும் நடக்கிறது என்றார். இருதயத்துக்குப் போகும் நரம்பும் மரத்துவிடும். அட்டாக் வரும், வலி வராது. "உங்க சாருக்கும் அப்படித்தாங்க மேடம் இருந்திருக்கும். வலி இருந்திருந்தா அன்னிக்கே எங்கிட்ட வந்திருப்பார்." சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தார் போல. பெருந்துறை ரோட்டில் பாலம் கட்டுகிறார்கள். லாரிகள் நிறைய. கண்ணாடி முழுக்கத் தூசி.

ஊருக்குள் எங்கும் வேப்பிலைத் தோரணம். கோயில் முன்னால் குண்டத்துக்கு ஊஞ்ச மரக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாரப்பன் மஞ்சள் வேட்டியோடு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டாக்டரே குண்டம் பார்க்க வந்துவிட்டார் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து கும்பிட்டார். பழனாத்தாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.

"ஒரு சின்ன டெஸ்ட் மட்டும் பாத்துக்கலாமா?" என்றார் அர்த்தநாரி. பையிலிருந்து, தொட்டால் தெரிகிறதா என்று பார்க்கும் நைலான் நரம்பை எடுத்தார். தூண்டில் நரம்பு போன்றது, ஒரு சாண்கூட இல்லை, ஒரு பிடியில் பொருத்தியிருக்கும். தோலில் வைத்து அழுத்தினால் லேசாக வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும்.

முதலில் புறங்கையில் வைத்தார். "ம்." முழங்கையில். "ம்." கட்டிலில் படுக்கச் சொல்லிப் பாதத்துக்கு வந்தார். கட்டை விரலுக்குக் கீழே வைத்தார். நரம்பு வளைந்தது. எடுத்தார். குதிகாலில் வைத்தார். வளைந்தது. நடுப்பாதத்தில் வைத்தார். மாரப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சையில் பாஸாகப் போகிற பையனைப் போலச் சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

"ஆரம்பிச்சரலாமுங்க டாக்டர்" என்றார்.

அர்த்தநாரி அப்படியே நின்றுவிட்டார். பழனாத்தாள் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். கட்டில் ஓரம் குந்தி உட்கார்ந்து தன் கட்டை விரலால் அவருடைய பாதத்தை அழுத்தினாள். பிறகு கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளினாள்.

"இது?" என்றாள்.

"எது?" என்றார்.

"இது தெரியுதாங்கறேன்."

"நீ எங்க இருக்கற?" என்று கண்ணைத் திறந்தார். தன் பாதம் அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருப்பதைப் பார்த்தார். கோயிலில் கட்டை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அர்த்தநாரி விளக்கிச் சொன்னார். நன்றாகவே சொன்னார். வலி போனது உண்மை, ஆனால் கால் நல்லாகவில்லை, காவல்காரன் போய்விட்டான், இனி கண்தான் காவல், நெருப்பில் வைத்தால் காலையே எடுக்கும்படி ஆகிவிடும். மாரப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "இருந்தாலும் எறங்கோணுமுங்க. கங்கணம் கட்டியாச்சு. வாக்குக் குடுத்துட்டேன். ஆத்தாளுக்கு வாக்குத் தப்பப்படாது" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். இவ்வளவு நாள் கழித்துப் பெருங்காயத்துக்கு வேலை வந்தது.

"என்னன்னு வேண்டிக்கிட்டீங்க மாரப்பன்? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"கால் நல்லானா குண்டம் எறங்கறேன்னுங்க."

"கால் நல்லாயிருச்சா?"

அவர் தன் பாதத்தைப் பார்த்தார்.

"நல்லாகாத காலுக்கு நன்றிக்கடன் எப்படிங்க செலுத்துவீங்க? அதுதான் ஆத்தாகிட்டப் பொய் சொல்றது. வாக்கு அப்படியே இருக்கட்டும். நல்லான அன்னிக்கு எறங்குங்க."

இது வகுப்பில் சொல்கிற தர்க்கம். நிபந்தனை நிறைவேறாமல் கடமை பிறக்காது. சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப நல்லாகலீங்களா?" என்றார். அவ்வளவு நேரம் டாக்டர் சொன்னது அப்போதுதான் உள்ளே போயிற்று. "தொட்டித் தண்ணியில உக்காந்திருந்தப்பகூட... அப்பவாச்சும் கால் இருந்துச்சுங்க." பிறகு அழுதார். வாய்விட்டு, தோள் குலுங்க அழுதார். அவர் காலைக் காப்பாற்றப் போய் அவருக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டேன். பழனாத்தாள் அவர் பாதத்தை விடவே இல்லை.

"நரம்பு கொஞ்சம் திரும்பி வந்தாலும் வரலாம்" என்றார் அர்த்தநாரி. "வந்தா மொதல்ல வலிதான் வரும். அதுக்குப் பயப்படாதீங்க."

கிளம்பும்போது பழனாத்தாள் கார்வரை வந்து ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தாள். "ஊட்டுல அய்யா நல்லா இருக்கறாருங்களா?"

"நல்லா இருக்காருங்க" என்றேன்.

அர்த்தநாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈரோட்டில் இறக்கிவிடும்போது, நோட்டில் அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிடலாம், பழைய எண்கள் போனால் போகட்டும் என்றார்.

வலி:

மார்ச் 31, செவ்வாய்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. எழுந்திருக்கவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. சற்று விட்டு மறுபடி அடித்தது. ஒவ்வொரு நாளும் முதல் சத்தத்திலேயே ஓடிப்போய் அணைத்துவிடுவேன். அது இரண்டாம் முறை அடிக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் இரண்டாவதில்தான் எழுந்திருப்பார்.

அது நிற்கும் முன் என் போன் அடித்தது. பழனாத்தாள். பறை சத்தத்தில் கத்திப் பேசினாள்.

"டீச்சர்ங்க, குண்டம் எறங்கறாங்க. இவரு ஓரத்துல நிக்கறாருங்க. சாக்க நாலா மடிச்சுப் போட்டு அதும்மேல நிக்க வெச்சிருக்கறேன். குண்டத்துல உப்பு மொளகு மட்டும் போட்டாரு. பூசாரி ஒண்ணும் சொல்லலீங்க. ராத்திரி பூரா அழுதாரு. அழுதா நல்லதுங்களா டீச்சர்?"

"நல்லதுதானுங்க."

"அய்யாகிட்டயும் சொல்லிப்போடுங்க. நீங்க செஞ்ச உபகாரத்த நாங்க மறக்க மாட்டம்."

"அவர் இல்லீங்க" என்றேன். "கார்த்திகையில செத்துப் போயிட்டார்."

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. மற்றவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தைரியம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அட என்ற சாமீ" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள், அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது.

அவர் இறந்த அன்று காலை இரண்டாவது அலாரத்துக்கும் எழுந்திருக்கவில்லை. நான் போய்த் தொட்டு எழுப்பினேன். பனியன் நனைந்திருந்தது. கார்த்திகைக் குளிரில் வேர்த்திருக்கிறதே என்று கேட்டேன். ஒரு மாதிரி அசதியாக இருக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். "நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?" என்றேன். "சேச்சே, வலியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். வலியில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே நானும் நினைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். காப்பிக்கு நான் டிகாக்ஷன் இறக்கி வைத்திருந்தேன். இரண்டு டம்ளருக்கு.

இன்று டம்ளர் ஒன்றை எடுக்கப் போய் இரண்டையும் எடுத்துவிட்டேன். மணிக்கட்டில் தோல் புதிதாக வந்த இடத்தில் அடுப்பின் அனல் பட்டது. சுரீரென்றது. கையை இழுத்துக்கொண்டேன். அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் நாற்றம் வந்த பிறகுதான் எழுந்து மூடினேன். அழுதுகொண்டே மூடினேன். காந்திமதிக்குப் போன் போட்டு, வர முடியுமா என்று கேட்டேன். பஸ் ஏறிவிட்டாள்.

நேற்றைய இடத்தை நிரப்பவில்லை. அப்படியே இருக்கட்டும். இன்றைக்குப் பத்து என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அது போதவில்லை. பத்தோடு கட்டங்கள் முடிந்துவிடுகின்றன. அர்த்தநாரியிடம் இதையும் சொல்ல வேண்டும்.